கத்தியைத் துடைக்காத காலை

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உனக்கு அனுப்பும் அதே நேரத்தில் நம் குடும்ப வாட்சாப் குழுவிலும் போடுவேன். சுங்கை பாக்காப்பில் இருக்கும் உன் பெரிய மாமாவிலிருந்து, எப்போதோ ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் தூரத்துச் சொந்தம் வரை எல்லாரும் படிப்பார்கள். மாலினியும் படிக்கட்டும். மூன்று வாரத்தில் உன் மனைவியாக நம் குடும்பத்துக்குள் வரப் போகிறவள், தனக்கு வாய்த்திருக்கும் மாமனார் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டே வரட்டும். உன்னை நான் தலைகுனிய வைத்தது இருபது முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில். அதற்கான பதிலை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா தோசை வார்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "என்னங்க, ஒண்ணு சொல்வேன், கோவப்படக் கூடாது" என்றாள். அப்படி ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "ரிசப்ஷன்ல நீங்க பேச வேணாமாம். மைக்கு உங்க கைக்கு வராம பாத்துக்கச் சொல்லியிருக்கான் தம்பி." நான், "ஏனாம்?" என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பள்ளி ஆண்டு விழா, ஆசிரியர் தினம், கண்டவர்களின் பணி ஓய்வு விருந்து என்று எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன். என் ஒரே மகனின் திருமண விருந்தில் நான் வாயைத் திறக்கக் கூடாதாம். தோசையை அப்படியே விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனேன். ஏழாவது மாடியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் என் கள்ளி அலமாரிதான், கோபம் வரும்போதெல்லாம் நான் போய் நிற்கும் இடம் என்று உனக்குத் தெரியும். ஒரு தொட்டியில் அடித்தண்டு பக்கக் கிளை விட்டிருந்தது. வெட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். நான்கு வருடப் பழக்கத்தில் கை தானாகவே பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அலகைத் துடைத்தது. துடைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ ஏன் மைக்கைத் தர வேண்டாம் என்கிறாய் என்பதற்கு உனக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாத, அதைவிடக் கேவலமான காரணம் இன்னொன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

மாலினிக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். கள்ளி என்றதும் முள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். முள்ளுள்ள செடி வீட்டுக்கு ஆகாது, சண்டை வரும் என்று உன் பெரிய மாமாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் பதினோரு வருடம் வளர்த்த அந்தச் செடிக்கு ஒரு முள்கூடக் கிடையாது. வளர்ப்பவர்கள் அதைக் காபுத்தோ என்பார்கள். ஜப்பான்காரர்கள் தங்கள் பழைய போர்வீரர்களின் தலைக்கவசத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக அது தட்டையான பச்சை உருண்டை. ஆரஞ்சுச் சுளைபோல எட்டுப் பிரிவு, ஒவ்வொன்றிலும் பஞ்சை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். என்னுடையது அப்படி உருண்டையாக இல்லை. ஆயிரத்தில் ஒன்றுக்கு வளரும் நுனி புள்ளியாக இல்லாமல் கோடாக விரிந்துவிடும். அப்போது செடி பக்கவாட்டில் நீண்டு, மடிந்து மடிந்து, கடைசியில் மனித மூளையைப் போல ஆகிவிடும்; கொண்டை விழுவது என்பார்கள் அதை. பாலிக் பூலாவில் நாற்றுக் கடை வைத்திருக்கும் லிம் அங்கிளிடம் கட்டைவிரல் அளவில் வாங்கினேன். நம் பினாங்கு ஈரத்தில் அது தன் சொந்த வேரில் நிற்காது, அழுகிவிடும். அதனால் டிராகன் பழக் கொடியின் தண்டை வெட்டி, அதன் தலையில் இதை வெட்டி வைத்து, இரண்டின் நடு வளையமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி ரப்பர் வளையம் போட்டு, நிழலில் ஒரு வாரம் வைத்து ஒட்ட வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வேலை தீராது. கீழே இருக்கும் தண்டு தன் போக்கில் பக்கக் கிளை விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டாவிட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். தண்ணீர் தண்டுக்கு வேண்டும், மேலே இருப்பதற்கு ஆகாது. இத்தனை நுணுக்கமும் எனக்குத் தெரியும். ஐந்தாம் படிவத்துக்கு உயிரியல் கற்பிக்கிறவன் அல்லவா. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அந்தத் திமிரை நீ முதலில் பார்த்தது பத்து வயதில். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேமரன் மலைக்குப் போய்விட்டு எனக்காக ஒரு கள்ளி வாங்கி வந்தாய். உச்சியில் சிவப்பாக ஒரு பூ. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய் என்று உன் ஆசிரியை சொன்னார். அன்று வீட்டில் விருந்தாளிகள். நான் பூவைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த பூவைச் சூடான பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். மலைக்கடைகளில் சுற்றுலாக்காரர்களை ஏமாற்றும் வேலை அது. "இங்க பாருங்க, என் பையன் வாங்கிட்டு வந்த பூவை" என்று எல்லாரையும் கூப்பிட்டு, இடுக்கியால் அதைப் பிய்த்துக் காட்டினேன். பூவோடு செடியின் தோலும் கொஞ்சம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நீ அழவில்லை. "சாரிப்பா" என்றாய். ஏமாற்றியவன் கடைக்காரன், சிரிக்க வைத்தவன் நான், மன்னிப்புக் கேட்டவன் நீ. அந்த வரிசை அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பையனுக்குப் பாடம் கற்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். தேர்வுத்தாள் திருத்த ஐந்து நாள் ஈப்போவுக்கு நான் போக வேண்டியிருந்தது. பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. என்னை ஏற்றிக்கொள்ள வரும் காடிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அப்போது பள்ளிக் குழுவில் செய்தி வந்தது: செல்வநாதன் தலைமையாசிரியர் ஆகிவிட்டார். என்னைவிட ஆறு வருடம் இளையவர். என்னிடம் பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொண்டவர். அடுத்த நிமிடமே கைதட்டல் படங்களும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. என்னோடு தினமும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள்கூட, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். (இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எந்த ஆண்டு என் பெயர் எப்படி விடுபட்டது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்றெல்லாம். கிழித்துவிட்டேன். அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் உனக்கு எழுதும் கடிதத்தில் அதற்கு இடமில்லை.)

கோபத்தில் கை சும்மா இருக்காதே. சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். வெளியே மழை, அலமாரி வரை சாரல். பக்கக் கிளைகளை வெட்டுவதற்கான நேரமே அல்ல அது. காய்ந்த வெயில் நாளில், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் கையில் கிடைத்தது, கீழ்த்தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு தொட்டி. அதன் தண்டில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. தூக்கிப் போட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்த தொட்டி. அதை வெட்டினேன். அதே கத்தியால் அடுத்ததை. அடுத்ததை. நான்காவதாகக் காபுத்தோவின் தண்டில் இருந்த கிளையை. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பூங்கொத்தைச் சீவுவதுபோல ஒரு திருப்தி. கத்தியைத் துடைக்கவில்லை. ஒரு செடியை வெட்டிய அலகு அடுத்த செடியைத் தொடும் முன் துடைக்கப்பட வேண்டும் என்று எத்தனை தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன். வெட்டிய இடத்தில், அழுகாமல் காக்கும் இலவங்கப்பட்டைத் தூளும் வைக்கவில்லை. கீழே காடியின் ஹாரன் கேட்டது. கத்தியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, உன்னிடம் மட்டும் ஒரு தாளை நீட்டினேன். நினைவிருக்கிறதா? "ஐந்து நாளைக்குத் தண்ணீர் கூடாது. ஒரு சொட்டுக்கூட" என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது காபுத்தோ கூழாகிவிட்டிருந்தது. விரல் வைத்ததும் உள்ளே போனது. அந்த வாடை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. வரவேற்பறையில் நின்று நான் போட்ட சத்தம் மேல்மாடி வரை கேட்டிருக்கும். "யாருடா தண்ணி ஊத்தினது?" உன் அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பிறகு நீ முன்னால் வந்தாய். "நான்தான்பா. ரெண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினேன். ரொம்ப வாடின மாரி இருந்துச்சு. சாரிப்பா." அதன் பிறகு நான் பேசியதைத் திரும்ப எழுத மாட்டேன். நீயும் மறந்திருக்க மாட்டாய். இருபத்துநான்கு வயதுப் பொறியியல் பட்டதாரி, தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனி வருவது தெரியாது.

அந்த வாரச் சனிக்கிழமை, செத்த செடியைத் தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பாலிக் பூலாவுக்குப் போனேன். லிம் அங்கிளிடம் புதிதாக ஒன்று கேட்கப் போனேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. இது அதிகத் தண்ணீரால் வந்த சாவுதான் என்று அனுபவசாலி ஒருவர் வாயால் கேட்க வேண்டும், அதை உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் மீதி. உன்னைத் திட்டியது போதவில்லை எனக்கு; சாட்சியும் தேவைப்பட்டது.

அவர் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறினார். வேர்களை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளை வெளேரென்று, உறுதியாக இருந்தன. பிறகு தண்டைக் குறுக்காக அரிந்தார். அடிப்பகுதி பச்சை. மேலே போகப் போக நடு வளையம் மட்டும் செங்கல் நிறத்தில் ஓடியது. அது தொடங்கிய இடத்தில் தன் அழுக்கு நகத்தை வைத்தார். நான் கிளையை வெட்டிய இடம் அது. "புக்கான் ஆயேர், சிக்கு" என்றார் மலாயில், "பீசாவ்." தண்ணீர் இல்லையாம், வாத்தியாரே, கத்தியாம். நான் விடவில்லை. "என் மகன் தண்ணீர் ஊற்றியதாக அவனே ஒத்துக்கொண்டான்" என்றேன். அவர் சிரித்தார். "ரெண்டு நாள் ஊத்தினா இந்தத் தண்டு சந்தோஷப்படும் லா. தண்ணியில அழுகினா வேர்லயிருந்து மேல வரும். இது வெட்டுலயிருந்து வந்திருக்கு. அன்னைக்கு வேற எதை எதை வெட்டினீங்க?" மூன்று என்றேன். "வீட்டுக்குப் போய் அதையும் பாருங்க. ஏன் சிக்கு, கத்தியைத் துடைக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதில்லையா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அன்று வெட்டிய மற்ற மூன்று தொட்டிகளும் வெட்டிய இடத்திலிருந்து பழுப்பேறிக்கொண்டிருந்தன. நான் கை வைக்காத பதினேழு தொட்டிகளும் நன்றாக இருந்தன. நீ அறையில் இருந்தாய். கதவு பாதி திறந்திருந்தது. உன் கதவு வரை வந்தேன், தம்பி. உள்ளே நீ ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. "நீ இல்லைடா, நான்தான்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லவில்லை. மூன்று தொட்டிகளையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, லிஃப்டில் இறங்கி, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தடயத்தை அழிப்பவன் எப்படி நடப்பான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வழியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் ஞாயிறு. புக்கிட் மெர்தாஜாமில் உன் மாமா மகளின் நிச்சயதார்த்தம். இதைக் கவனமாகப் படி: சனிக்கிழமை எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுப் பந்தியில் உன் பெரிய மாமா, உனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "சிப் செய்யிற மெஷினையெல்லாம் நம்ம பையன்தான் பாத்துக்கப் போறான்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, எனக்கு எதிரே இருந்த ஒருவர் என் பக்கம் திரும்பி, "செல்வநாதன் சார் உங்க ஸ்கூல்தானே, ஹெட்மாஸ்டர் ஆயிட்டாராமே?" என்று கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மேசையில் எனக்குக் கீழே யாராவது ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. "அவரை விடுங்க" என்றேன், குரலை உயர்த்தி, வகுப்பறையில் பேசுவதுபோல. "இங்க ஒரு இஞ்சினியர் இருக்கான் பாருங்க. ஒரு கள்ளிச் செடியை அஞ்சு நாளு உயிரோட வச்சிருக்கத் தெரியல. தண்ணி ஊத்தாதேன்னு எழுதிக் குடுத்தும் ஊத்திக் கொன்னுட்டான். இவன் கையில மெஷினைக் குடுக்கறாங்களாம். பாவம் அந்தக் கம்பெனி."

கூடமே சிரித்தது. நகைச்சுவையாகப் பேசத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உன் பெரிய மாமா, "சரி விடுங்க மச்சான், இனிமே அவனைக் கள்ளி டாக்டர்னு கூப்பிடுவோம்" என்றார். இன்னொரு முறை சிரிப்பு. நீயும் சிரிக்க முயன்றாய். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாய். உன் அம்மாவும் எழுந்து சமையல்காரர்கள் பக்கம் போய்விட்டாள். அடுத்த மாதம் போக வேண்டியவன், பத்தே நாளில் பெட்டியைக் கட்டினாய். அதற்குப் பிறகு நான்கு தீபாவளி வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் உன்னைக் கள்ளி டாக்டர் என்று கூப்பிட்டார்; ஒவ்வொரு தடவையும் நான் அந்த அறையில் இருந்தேன்; ஒவ்வொரு தடவையும் என் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு வந்தாய். ஈரமில்லாத காகிதத்தில், பஞ்சு சுற்றி, ஐம்பது காசு நாணயம்போல ஒரு சின்னக் காபுத்தோ. எங்கெங்கோ விசாரித்து, யார் யாரிடமோ கற்றுக்கொண்டு வாங்கியிருந்தாய் என்று அதைச் சுற்றியிருந்த விதத்திலேயே தெரிந்தது. "பழசு மாரி வராதுப்பா. ஆனா இதுவும் நல்ல ரகம்னு சொன்னாங்க" என்றாய். செய்யாத கொலைக்கு நீ கொடுத்த ஈடு அது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொண்டை விழாத சாதாரண ரகம்" என்றேன். உன் முகத்தை நேராகப் பார்க்க முடியாதவன் வேறென்ன செய்வான்? குறை சொன்னேன். உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிப் போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். இன்றுவரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இந்த வாரம் அது முதல் பூ விட்டிருக்கிறது. வெளிர் மஞ்சள், தொண்டையில் மட்டும் சிவப்பு. செடியைவிடப் பூ பெரிது. பகல் பதினொரு மணிக்கு விரிகிறது, நாலு மணிக்குக் கூம்புகிறது. தொட்டுப் பார்த்தேன், தம்பி. ஒட்டியது அல்ல.

ஒரு செடிக்கு இத்தனை பெரிய கடிதமா என்று உன் பெரிய மாமா கேட்பார். அவர் கேட்டால் நீயே பதில் சொல். செடி செத்தது என் கைத்தவறு, யாருக்கும் நடக்கும். சனிக்கிழமை மாலை உன் கதவு வரை வந்து திரும்பியது கைத்தவறு அல்ல, கோழைத்தனம். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே செய்தேன். செல்வநாதன் என்னை ஒன்றுமே செய்யவில்லை. கிடைத்த பதவியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் மேல் எனக்கிருந்ததை, பதில் பேசாதவன் யார் என்று தேடி உன் மேல் இறக்கி வைத்தேன். நீ திருமணமாகிப் போகிறாய். உனக்கும் அலுவலகம் இருக்கும், அங்கே ஒரு செல்வநாதன் இருப்பார். வீட்டுக்குள் நுழையும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நுழை. தவறு நடந்தால் நடந்த அன்றே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கடினம். ஒரு வாரம் போனால் உன்னால் முடியாது. நான் நான்கு வருடம் எடுத்துக்கொண்டேன், அதுவும் மைக்கைப் பிடுங்கிய பிறகு.

மைக்கைத் தொட மாட்டேன். யார் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்க மாட்டேன். உன்னைக் கள்ளி டாக்டர் என்று அழைக்கும் ஒவ்வொருவரும் இனி என்னைத்தான் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று இந்தக் குழுவில் இருக்கும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். இதோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் அனுப்பும் முன் உன் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இன்று பிற்பகல் அவள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து நெத்திலி கிள்ளினேன். லிம் அங்கிள் தண்டை அரிந்து காட்டும் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். திரும்ப அந்தப் பக்கத்தின் தலைக்குப் போய் மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்ப நான் கொல்லலையா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான்தாங்க தண்ணி ஊத்தினேன். தம்பி ஊத்தல. ரெண்டு நாளும் காலையில ஒரு கப்பு. செடி வாட்டமா இருந்துச்சு, நீங்க வந்து பாத்தா ஏன் கவனிக்கலன்னு கேப்பீங்கன்னு பயந்து ஊத்தினேன். உங்க தாளை நான் பாக்கவே இல்ல. ரெண்டாவது நாளு தம்பி பாத்துட்டு, அம்மா ஊத்தக் கூடாதும்மான்னு நிறுத்தினான். நீங்க வந்து சத்தம் போட்டப்ப நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் முன்னாடி போயிட்டான்." மேசையில் இருந்த நெத்திலித் தலைகளை விரலால் ஒன்றாகக் குவித்தாள். "ராத்திரி அவன் ரூமுக்குப் போய் அழுதேன். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேட்டேன். என்னைத் திட்டினா ஒரு வாரத்துல முடிஞ்சிடும்மா, உங்களைத் திட்டினா முடியவே முடியாதுன்னான்."

நான்கு வருடம் ஒருவனைத்தான் தண்டித்தேன் என்று நினைத்து இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், தன் மகன் தனக்காக ஊர்ச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று ஒருத்தி இந்த வீட்டுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறாள். பந்தியில் நீ எழுந்தபோது அவளும் எழுந்து போனது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. மேலே எழுதியதில் நீ தண்ணீர் ஊற்றினாய் என்று வரும் இடங்களைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை. நான் எந்த அளவுக்கு எதுவும் தெரியாதவனாக இந்த வீட்டில் இருந்தேன் என்பது அப்படியே இருக்கட்டும். இதையும் சேர்த்துக் குழுவில் போட உன் அம்மா சம்மதித்துவிட்டாள். "போடுங்க, என் பையன் பேர் சுத்தமாகட்டும்" என்றாள்.

பிறகு எழுந்து பால்கனிக்கு வந்தாள். காபுத்தோ செத்ததிலிருந்து அவள் அந்த அலமாரிப் பக்கமே வந்ததில்லை. துணியைக்கூடப் பின்பக்கம்தான் காயப் போடுகிறாள். எனக்கு அது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கூடத்துக்கு முதல்முறை வரும் மாணவியைப் போல ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தொட்டியின் முன்னால் நின்று, என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"தொடலாங்களா?"

முப்பது வருடமாக அவள் வாழும் வீடு இது, தம்பி. உன் வீட்டில் மாலினி உன்னிடம் இப்படிக் கேட்கும் நாள் வராமல் பார்த்துக்கொள்.

அப்பா